டீம் லிஸ்ட் சண்டைக்கு முன்னாடி ஒரு கணக்கு

ரக்பி பார்க்கும் நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான திரெட். உங்களோட சண்டை போடத்தான் எழுதுறேன். கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் தாராளமா திட்டுங்க.

1) 2019 நவம்பர் 2. யோகஹாமாவில் உலகக்கோப்பை ஃபைனல், இங்கிலாந்து எதிர் தென்னாப்பிரிக்கா. மூணாவது நிமிஷம். இங்கிலாந்தின் கைல் சின்க்ளர் சொந்த டீம் வீரர் மாரோ இட்டோஜே மேலேயே மோதி, தலையில் அடிபட்டு சுருண்டு விழுந்தார். நினைவு தப்பிய ஆள். வெளியே கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. தென்னாப்பிரிக்கா 32-12 ஜெயிச்சது.

அந்த மேட்சைப் பத்தி ரசிகர்கள் இன்னைக்கும் பேசுறது என்ன? "சின்க்ளர் போனதாலதான் ஸ்க்ரம் சரிஞ்சது. டான் கோல் அவ்வளவு நேரம் தாங்குவாரா? பெஞ்சைத் தப்பா எடுத்துட்டாங்க."

சரி பாஸ். சின்க்ளரோட தலை என்னாச்சுன்னு யாராவது கேட்டீங்களா?

2) நான் ரக்பி நிபுணர் இல்ல. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ் டாக்டர். கேஷுவாலிட்டி டியூட்டியில் தலைக்காயம் பார்க்காத ராத்திரி எனக்கு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பைக், மிச்சம் மாடிப்படி, மரம், கபடி. ரக்பி எனக்கு லேட்டா வந்த பைத்தியம். அந்த 2019 உலகக்கோப்பையில்தான் ஒழுங்கா பார்க்க ஆரம்பிச்சேன். அதனால இது ரக்பியை வெறுக்கிற ஆள் எழுதுறது இல்ல.

3) ரக்பி ரசிகர்கள் எங்கே கூடினாலும் ரெண்டு சண்டை நடக்கும்.

ஒண்ணு, டீம் தேர்வு. யாரை எடுக்கணும், யாருக்கு ஓய்வு, பெஞ்சில் இருக்கிற 8 பேர்ல எத்தனை ஃபார்வர்டு, எத்தனை பேக். 6-2 சரியா, 7-1 அநியாயமா?

ரெண்டு, க்ளப் போட்டிகளின் அமைப்பு. சாம்பியன்ஸ் கப்பில் எத்தனை டீம், எத்தனை பூல், பழைய ஹோம்-அவே முறை திரும்ப வரணுமா?

ரெண்டையும் தனித்தனி சண்டையா நினைச்சு பேசுறீங்க. என் வாதம் சிம்பிள்: ரெண்டும் ஒரே சண்டை. ஒரு மனுஷ உடம்பு, குறிப்பா ஒரு மூளை, வருஷத்துக்கு எத்தனை மேட்ச் தாங்கும்? அந்தக் கேள்வியைத் தொடாம நீங்க போடுற லிஸ்ட் எல்லாம் பாதி கணக்குதான்.

4) கணக்கு சொன்னேன் இல்லையா, போட்டுப் பார்ப்போம். பிரான்சின் டாப் 14 லீக். 14 டீம், ஆளுக்கு 26 லீக் மேட்ச். பிளே-ஆஃப் அதிகபட்சம் 3. சாம்பியன்ஸ் கப் ஃபைனல் வரைக்கும் போனா இன்னொரு 8. மொத்தம் 37 வரைக்கும் போகலாம். இது க்ளப்புக்கு மட்டும்.

அதே வீரர் பிரான்சுக்கும் ஆடினா நவம்பர் டெஸ்ட்கள், 5 சிக்ஸ் நேஷன்ஸ் மேட்ச், ஜூலை டூர். ஒருத்தரால் எல்லாத்திலும் ஆட முடியாது, நாள்களே மோதும். யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்தே ஆகணும். அவர் உட்காரும்போது, "டிக்கெட் வாங்கின எங்களை ஏமாத்துறாங்க"ன்னு கத்துறது நாமதான்.

5) உதாரணம் 1. 2025 ஜூன் 28, டாப் 14 ஃபைனல். டுலூஸ், போர்தோவை கூடுதல் நேரம் வரை போய் 39-33 ஜெயிச்சது. அடுத்த சனிக்கிழமை, ஜூலை 5, பூமிப்பந்தின் மறுபக்கம் டனீடினில் நியூசிலாந்தோட டெஸ்ட்!

பிரான்ஸ் கோச் ஃபேபியன் கால்த்தியே முக்கிய ஆட்கள் பலரை வீட்டிலேயே விட்டுட்டு இளம் பசங்களோட போனார். நியூசிலாந்தில் ஒரே கொந்தளிப்பு. அவமரியாதை, 'பி' டீம், டெஸ்ட் ரக்பியைக் கேலி பண்றாங்கன்னு. அந்த 'பி' டீம் முதல் டெஸ்டில் 31-27 வரைக்கும் மல்லுக்கட்டினது வேற கதை.

பத்து மாச சீசன் முடிச்ச உடம்புக்கு ஓய்வு கொடுத்த கோச் குற்றவாளியா? இல்ல, ரெண்டு தேதிக்கும் நடுவுல ஒரே வாரம் வச்சு காலண்டர் போட்டவங்க குற்றவாளியா?

6) உதாரணம் 2. 2024 ஏப்ரல், சாம்பியன்ஸ் கப். தென்னாப்பிரிக்காவின் புல்ஸ் ப்ரிட்டோரியாவில் ரவுண்ட் ஆஃப் 16 ஆடி ஜெயிச்சாங்க. அடுத்த வாரமே இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் காலிறுதி. கோச் ஜேக் வைட் முக்கிய வீரர்களில் பலரைக் கூட்டிட்டே வரல. 59-22 தோல்வி.

காலிறுதியையே கைவிட்டாங்கன்னு ரசிகர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான், நானும் கோபப்பட்டேன். ஆனா கோபத்தோட முகவரி தப்பு. ஒரு வாரத்தில் கண்டம் தாண்டிப் பறந்து நாக்-அவுட் ஆடு, திரும்பிப் பறந்து லீக் ஆடுன்னு எழுதி வச்ச அமைப்பு அது. நல்ல டீமை அனுப்பினா உடம்பு போச்சு, அனுப்பாட்டி மானம் போச்சு.

7) இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். கன்கஷன்னா என்ன?

மூளை மண்டைக்குள்ள இறுக்கிக் கட்டின பொருள் இல்ல. தலை சட்டுனு நின்னாலோ திரும்பினாலோ உள்ளே அது குலுங்கும், திருகும். நரம்பு செல்களின் வேலை குழம்பும். செல் தன்னைச் சரிபண்ண நிறைய சக்தி கேட்கும், அதே நேரம் சப்ளை குறையும். உடைஞ்சது எதுவும் இருக்காது, ஆனா ஓட்டம் கெட்டிருக்கும். அதனால்தான் சிடி ஸ்கேன் பெரும்பாலும் நார்மலா வரும்.

"சிடி நார்மல்" என்றால் மூளைக்குள்ள ரத்தக்கசிவு இல்ல, எலும்பு உடையலன்னு அர்த்தம். "மூளைக்கு ஒண்ணும் ஆகல"ன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்க.

இன்னொண்ணு, கன்கஷன் ஆனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நினைவே தப்பாது. தலைவலி, மந்தம், எரிச்சல், வெளிச்சம் பிடிக்காம போறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறது. சிலருக்கு இது சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்.

8) ஒரு ராத்திரி ஒரு கபடி பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. பக்கத்து ஊர் டோர்னமென்ட். தலையில் முட்டி இடிச்சிருக்கு. பார்க்க நல்லாத்தான் இருந்தான், நடந்தே வந்தான். ஆனா பத்து நிமிஷத்தில் மூணு தடவை என்கிட்ட கேட்டான், "சார், ஸ்கோர் என்ன?"

கூட வந்த கேப்டன் சொன்னார்: "இன்னும் ஒரு மணி நேரத்துல செமி ஃபைனல் சார். இவன் இல்லன்னா டீமே இல்ல. ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க."

சிடி நார்மல். இன்னைக்கு ஆடக்கூடாது தம்பின்னு தலைகீழா நின்னு சொல்லிப் பார்த்தேன். சொந்தப் பொறுப்பில் போறோம்னு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. ஆடினான். அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு பிறகு தெரிஞ்சது.

ஒண்ணும் ஆகாததுதான் என் கவலை. அடுத்த வருஷம் இன்னொரு பையனுக்கு அடிபடும்போது அதே கேப்டன் சொல்வார், "போன தடவை இப்படித்தான் டாக்டர் பயமுறுத்தினாரு, அவன் ஆடல?"

9) "அது நம்ம ஊர் கபடி, ரக்பியில் டாக்டர்கள் இருக்காங்க"ன்னு சொல்வீங்க. இருக்காங்க. 2012-ல் சர்வதேச ரக்பி வாரியம் ஒரு முறையைச் சோதிச்சது: தலையில் அடிபட்டதா சந்தேகம் வந்தா வீரரை 5 நிமிஷம் வெளியே எடுத்து சோதிக்கலாம், தேறினா திரும்ப ஆடலாம். வாரியத்தின் மருத்துவ ஆலோசகரா இருந்த டாக்டர் பாரி ஓ'டிரிஸ்கால், முன்னாள் அயர்லாந்து வீரர், இதை எதிர்த்து ராஜினாமாவே பண்ணினார். 5 நிமிஷத்தில் மூளையை அளக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும்.

2013 ஜூலையில் லயன்ஸ் தொடரின் மூணாவது டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் தலைக்குத் தலை மோதி, கால் தள்ளாடி, தாங்கிப் பிடிச்சுத்தான் வெளியே போனார். சில நிமிஷத்தில் திரும்ப வந்து ஆடினார். டெஸ்ட்டில் தேறிட்டாராம்.

10) அப்புறம் மாறினதையும் சொல்லணும், இல்லாட்டி நான் ஒருதலைப்பட்சம் ஆயிடுவேன். சோதனை நேரம் கூடினது. கண்ணுக்கே தெரியுற அறிகுறி இருந்தா அன்னைக்குத் திரும்பவே முடியாது. 2022 முதல், அப்படி அறிகுறியோட வெளியேறினவங்களும் ஏற்கனவே கன்கஷன் வரலாறு உள்ளவங்களும் குறைஞ்சது 12 நாள் ஆடக்கூடாது. 2023-ல் இங்கிலாந்து அமெச்சூர் ரக்பியில் டாக்கிள் உயரத்தை நெஞ்செலும்புக்குக் கீழே இறக்கினாங்க. 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில் சென்சார் வச்ச மவுத்கார்டு. எல்லாமே நல்ல விஷயம், கைதட்டலாம்.

ஆனா இதைப் பாருங்க. பிரிட்டனில் அமெச்சூர் விளையாட்டுகளுக்கு 2023-ல் அரசு ஆதரவோட வந்த வழிகாட்டுதல் கன்கஷனுக்கு அப்புறம் போட்டிக்குத் திரும்ப குறைஞ்சது 21 நாள் சொல்லுது. கடையில் வேலை பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை ஆடுறவருக்கு 21 நாள், சம்பளத்துக்கு ஆடுறவருக்கு 12 நாள். புரொஃபஷனல் டீமில் தினமும் டாக்டர் பார்க்கிறார்ங்கிற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா டாக்டர் பார்க்கிறதால செல் சீக்கிரம் ஆறிடாது.

வாராவாரம் மேட்ச் நடக்கிற லீகில் 12 நாள்னா ஒரே ஒரு மேட்ச்தான் போகும். இப்போ புரியுதா, காலண்டருக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்னு?

11) 2003 உலகக்கோப்பை ஃபைனல், சிட்னி. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷம். ஜானி வில்கின்சனின் ட்ராப் கோல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஆட்ட நகர்வு ஒரு லைன்-அவுட்டில் தொடங்கியது. பந்தை எறிஞ்சவர் ஸ்டீவ் தாம்ப்சன்.

2020 டிசம்பரில் அவரே வெளியே சொன்னார். வயசு 42. இளவயது டிமென்ஷியா. அந்த உலகக்கோப்பையை ஜெயிச்சது அவருக்கு ஞாபகம் இல்ல.

நமக்கு ஞாபகம் இருக்கு. அவருக்கு இல்ல.

2022-ல் வேல்ஸ் முன்னாள் கேப்டன் ரையன் ஜோன்ஸ், 41 வயசு, அதே நோய்.

12) "ஒண்ணு ரெண்டு பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க டாக்டர்." சரியான கேள்வி, நானும் அப்படித்தான் கேட்பேன். 2022-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு வந்தது. 412 முன்னாள் ஸ்காட்லாந்து சர்வதேச வீரர்களைப் பொதுமக்களோட ஒப்பிட்டாங்க. நரம்புச் சிதைவு நோய் வரும் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு. எந்த இடத்தில் ஆடினாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

இதனால ஆடுற எல்லாருக்கும் நோய் வரும்னு அர்த்தம் இல்ல. விளையாட்டால் இதயத்துக்கும் மனசுக்கும் கிடைக்கிற நன்மை நிஜம். ஆனா அபாயத்தை இல்லன்னு சொல்ல முடியாது. அதைக் குறைக்க நம்ம கையில் இருக்கிறது ரெண்டே விஷயம்: ஒவ்வொரு மோதலையும் பாதுகாப்பா ஆக்குறது, மொத்த மோதல்களைக் குறைக்கிறது. முதல் விஷயத்தில் வேலை நடக்குது. ரெண்டாவதைப் பேசினா டிவி ஒப்பந்தம் குறுக்கே வந்து நிக்குது.

13) இதுல பெரிய ஆட்கள் மட்டும் இல்ல. 2011 ஜனவரி, வட அயர்லாந்து. 14 வயசு பள்ளி மாணவன். மேட்சில் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடினான், மறுபடி அடி. இறந்துட்டான். மரண விசாரணையில் வந்த காரணம் செகண்ட் இம்பாக்ட் சின்ட்ரோம், அதாவது முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி. இளம் மூளையில் இது சில நிமிஷத்தில் வீக்கத்தைக் கொண்டுவந்து உயிரையே எடுக்கும்.

"அடிபட்டாலும் ஆடணும், அதுதான் வீரம்"னு அந்த வயசுப் பசங்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது? டிவியில் ரத்தம் ஒழுக ஆடினவரை நாம் கொண்டாடும் விதம்தான்.

14) இனி அமைப்புக்கு வருவோம். 2023-24 முதல் சாம்பியன்ஸ் கப்பில் 24 டீம், 6 டீம் கொண்ட 4 பூல், ஆளுக்கு 4 மேட்ச். மொத்தம் 48 பூல் மேட்ச். அது முடிஞ்சதும் 16 டீம் அடுத்த ரவுண்டுக்குப் போகும். அதாவது 48 மேட்ச் ஆடி வெளியேத்துறது 8 டீமை. அதிலும் 4 டீம் சேலஞ்ச் கப் நாக்-அவுட்டுக்குள்ள போயிடும். உண்மையில் வீட்டுக்குப் போறது வெறும் 4!

இந்த மாதிரி மேட்சில் ஒரு வீரர் மண்டையை உடைச்சுக்கிட்டா அது எதுக்காக? பூலில் மூணாம் இடமா நாலாம் இடமான்னு முடிவு பண்ண.

பழைய முறை நல்லா இருந்ததுன்னு ஏங்குறவங்களுக்கு: 2014 முதல் 20 டீம், 5 பூல், ஹோம்-அவே 6 மேட்ச், 8 பேர் காலிறுதி. ஒவ்வொரு மேட்சும் உயிர். ஒத்துக்கிறேன். ஆனா ஃபைனல் போற டீமுக்கு 9 மேட்ச். இப்போ 8. ஏக்கம் இருக்கலாம், கணக்கையும் பார்க்கணும்.

15) நான் கேட்கிறது: 16 டீம். 4 பேர் கொண்ட 4 பூல். ஆளுக்கு 3 மேட்ச். முதல் ரெண்டு டீம் காலிறுதி. 24 பூல் மேட்சில் அதே 8 டீம் வெளியே. பாதி மேட்சில் அதே வேலை முடிஞ்சது. ஃபைனல் போற டீமுக்கு 6 மேட்ச்தான். ஒரு மேட்சில் தோத்தாலே கழுத்தில் கத்தி, அதனால யாரும் 'பி' டீமை அனுப்ப மாட்டாங்க. உங்க டீம் தேர்வுப் புகாருக்கும் இதுதான் மருந்து.

16) "மேட்ச் குறைஞ்சா வருமானம் குறையும், க்ளப் செத்துடும்." இதுதான் பலமான எதிர்வாதம், மதிக்கிறேன். ஆனா இங்கிலாந்தைப் பாருங்க. 2022-ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ். 2023-ல் லண்டன் ஐரிஷ். மூணு க்ளப்பும் கடனில் மூழ்கி லீகை விட்டே போச்சு. அதில் வாஸ்ப்ஸ் ரெண்டு தடவை ஐரோப்பிய சாம்பியன். மேட்ச் பத்தாமலா மூழ்கினாங்க? காலண்டர் நிரம்பி வழிஞ்ச காலத்தில்தான் மூழ்கினாங்க. இப்போ அந்த லீக் 10 டீம், 18 ரவுண்டு. வானம் இடிஞ்சு விழல.

"அவங்க விரும்பித்தானே ஆடுறாங்க, சம்பளம் வாங்குறாங்க?" என் கபடிப் பையனும் விரும்பித்தான் கையெழுத்து போட்டான். குழம்பின மூளை போடுற கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

17) 7-1 பெஞ்ச் பற்றியும் ரெண்டு வார்த்தை. 2023 உலகக்கோப்பை ஃபைனலில் தென்னாப்பிரிக்கா 7-1 வச்சுத்தான் நியூசிலாந்தை 12-11 ஜெயிச்சது. களைச்சவங்க மேல புத்தம் புதுசா ஏழு மலைகளை இறக்குறது ஆபத்துன்னு ஒரு பக்கம். களைச்ச ஆளைக் கடைசி வரை நிறுத்தி வைக்கிறதுதான் ஆபத்து, களைச்சவர் தலையைத் தப்பான பக்கம் வச்சு டாக்கிள் போடுவார்னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா பெஞ்சை 5-3 ஆக்கிட்டா வீரர்களைக் காப்பாத்திட்டோம்னு நினைச்சா, அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை.

18) "நமக்கென்ன டாக்டர், இது வெள்ளைக்காரன் ஆட்டம்"னு சிலர் வருவீங்க. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடுற கல்கத்தா கப், நம்ம நாட்டு வெள்ளி ரூபாயை உருக்கிச் செஞ்சது. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சாம்பியன் யார்? சென்னை புல்ஸ். இலங்கை நண்பர்களுக்கு நான் சொல்லவே வேணாம், கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ரக்பின்னா திருவிழா. நம்ம வீட்டுப் பசங்களும் இதை ஆடப் போறாங்க. அப்போ நாம என்ன கலாசாரத்தைச் சொல்லிக் கொடுக்கப் போறோம்ங்கிறது இன்னைக்கே முடிவாகணும்.

கிரிக்கெட் மாறலையா? 2019-ல் கன்கஷன் மாற்று வீரர் விதி வந்தது. அந்த மாசமே லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலா லபுஷேன் இறங்கினார். கிரிக்கெட் அழிஞ்சா போச்சு?

19) ஆகவே ரசிகர்கள் கேட்க வேண்டியது நாலு.

ஒண்ணு, க்ளப்பும் நாடும் சேர்த்து ஒரு வீரருக்கு ஒரு சீசனில் 25 மேட்ச் உச்சவரம்பு. என் எண் தப்புன்னா வேற எண் சொல்லுங்க, ஆனா ஒரு எண் இருக்கணும், உலகம் முழுக்க ஒரே எண்ணா இருக்கணும்.

ரெண்டு, முதல்ல அந்த எண்ணை முடிவு பண்ணிட்டு அப்புறம் போட்டி அமைப்பை வரையணும். இப்போ தலைகீழா நடக்குது.

மூணு, கன்கஷன் ஆன எல்லாருக்கும் 21 நாள், அமெச்சூர் புரொஃபஷனல் பேதம் இல்லாம.

நாலு, சீசன் முடிஞ்சதும் எல்லாருக்கும் கட்டாய ஓய்வு வாரங்கள். ஃபைனல் முடிஞ்ச அடுத்த வாரம் டெஸ்ட் மேட்ச் கிடையாது.

20) அடுத்த தடவை டீம் லிஸ்ட் வரும்போது உங்க ஹீரோ பேர் இல்லன்னா, டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அவர் 42 வயசில் தன் கோப்பையை ஞாபகம் வச்சிருக்க, இன்னைக்கு உட்கார்ந்த அந்த ஒரு மேட்சும் உதவலாம்.

கபடியோ ரக்பியோ, தலையில் அடிபட்டா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. சந்தேகம் இருந்தாலும் முடிஞ்சது. தலைவலி கூடினா, திரும்பத் திரும்ப வாந்தி வந்தா, வழக்கத்தை விட தூக்கம் அதிகமானா, கை கால் பலம் குறைஞ்சா, வலிப்பு வந்தா, யார்கிட்டயும் கேட்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. எந்த நேரமானாலும் கேஷுவாலிட்டியில் எங்கள்ல யாராவது ஒருத்தர் இருப்போம்.

திட்ட வேண்டியதைக் கமென்ட்டில் திட்டுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.